வசந்தகாலக் கோதுமையில் எந்த ரகத்தை விதைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதை வாங்கும் நேரம் நெருங்கினால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இப்போது எது நல்ல ரகம்?" நான் பதிலுக்குக் கேட்பதும் ஒன்றுதான்: "போன மூன்று வருடத்தில் உங்கள் வயலில் மகசூலைக் கெடுத்தது எது?" துரு நோயா, பயிர் சாய்ந்ததா, பால் பிடிக்கும்போது வெயில் கொளுத்தியதா, அறுவடைக்கு முன் மழையா? அதற்குப் பதில் இருந்தால் பாதி ரகங்கள் தாமாகவே பட்டியலை விட்டுப் போய்விடும். மிச்சம் இருப்பதில்தான் மகசூலை ஒப்பிட வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தில்தான் போகின்றன.

வசந்தகாலக் கோதுமை என்றால் வசந்தத்தில் விதைப்பது மட்டும்தானா?

இல்லை, பெயர் கொஞ்சம் ஏமாற்றும். குளிர்காலக் கோதுமை முளைத்த பிறகு பல வாரங்கள் நல்ல குளிரில் கிடந்தால்தான் கதிர் வைக்கும். வசந்தகாலக் கோதுமைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம். கனடா, கஜகஸ்தான் போன்ற கடுங்குளிர் நாடுகளில் பனி உருகியதும் இதை விதைத்து, கோடை முடியும்போது அறுக்கிறார்கள். குளிர் மிதமாக இருக்கும் இந்தியா, எகிப்து, ஆஸ்திரேலியாவில் இதே வகையைக் குளிர்காலத்துக்கு முன்பே விதைத்துவிடுகிறார்கள்.

தவறிப்போய்க் குளிர்கால ரகத்தை வசந்தத்தில் விதைத்தால் என்ன ஆகும்? நன்றாக முளைக்கும், நிறையத் தூர் கட்டும், புல்தரை மாதிரி பச்சையாக நிற்கும். கதிர் மட்டும் வராது. மூட்டை மாறிப்போய் இப்படி ஒரு வயல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு உரம் போட்டாலும் அதைத் திருத்த முடியாது.

ரகப் பட்டியலில் முதலில் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது?

வயது. அதாவது விதைத்ததிலிருந்து கதிர் வெளிவர எத்தனை நாள், முற்ற எத்தனை நாள் என்பது. உங்கள் இடத்தில் கடைசி உறைபனி எப்போது, கடும் வெயில் எப்போது தொடங்குகிறது, அறுவடைக்கால மழையோ முதல் பனியோ எப்போது வரும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரகத்தின் வயது இந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும்.

கதிர் வெளிவந்து பூக்கும் நேரத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் செத்துப் பாதிக் கதிர் சொத்தையாகிவிடும். மறுபக்கம், மணி நிரம்பும் நாட்களில் பகல் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நின்றால் மணி சுருங்கும். முன்கூட்டி வரும் ரகம் பனியில் மாட்டலாம், தாமதமாக வருவது வெயிலில் மாட்டலாம். எந்த ஆபத்து உங்கள் பக்கம் அடிக்கடி வருகிறதோ, அதிலிருந்து தள்ளி நிற்கும் வயதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு வாரம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. கனடாவில் ரெட் ஃபைஃப் என்ற ரகம்தான் ஒரு காலத்தில் ராஜா. நல்ல மணி, நல்ல மாவு, ஆனால் வடக்கே போகப்போக முற்றுவதற்குள் பனி விழுந்துவிடும். அதோடு இந்தியாவிலிருந்து போன ஹார்டு ரெட் கல்கத்தாவைக் கலந்து வந்ததுதான் மார்க்விஸ். 1900களின் தொடக்கத்தில் அதைப் பொறுக்கியெடுத்த கனடா ஆராய்ச்சியாளர் சார்லஸ் சாண்டர்ஸ், மாவு ஆலைக்கு அனுப்பும் அளவுக்கு விதை இல்லாததால், மணியை வாயில் போட்டு மென்று பசைத்தன்மையைச் சோதித்தார். சுமார் ஒரு வாரம் முன்னதாக முற்றிய அந்த ரகம், கொஞ்ச வருடங்களிலேயே மேற்குக் கனடாவின் கோதுமைப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.

வேறு நாட்டிலோ வேறு பகுதியிலோ பேரெடுத்த ரகத்தைக் கொண்டுவந்து விதைக்கலாமா?

சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் போடலாம், முழு நிலத்திலும் வேண்டாம். கோதுமைக்குக் குளிர் மட்டுமல்ல, பகல் நீளமும் கணக்கு. சில ரகங்கள் பகல் நீண்டால்தான் கதிர் வைக்கும், சில அதைக் கண்டுகொள்ளாது. நீண்ட பகலுக்குப் பழகிய வடக்கத்தி ரகத்தைப் பகல் குறுகிய இடத்தில் விதைத்தால் கதிர் தாமதமாகி வெயிலில் போய் முட்டும். தலைகீழாகச் செய்தால் வளர்ச்சி போதாமல் குட்டையாகவே கதிர் விட்டுவிடும்.

கோதுமை ஆராய்ச்சியாளர் நார்மன் போர்லாக் மெக்சிகோவில் 1940களில் தொடங்கி, ஒரே வருடத்தில் இரண்டு இடங்களில், சொனோராவின் தாழ்நிலத்திலும் தொலுக்காவின் மேட்டுநிலத்திலும் மாறி மாறி விதைத்துத் தேர்வு செய்தார். அவசரத்துக்காகச் செய்தது, ஆனால் இரண்டு இடத்திலும் தேறியவை எல்லாம் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத வகைகளாக அமைந்தன. அதனால்தான் அவை பல நாடுகளில் எடுபட்டன. எல்லா ரகத்துக்கும் அந்தக் குணம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

மகசூல் அட்டவணையில் முதலிடத்தில் இருப்பதை எடுத்தால் போதாதா?

போதாது. அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும். குறைந்தபட்ச மெய்வேறுபாடு என்றோ முக்கிய வேறுபாடு என்றோ எழுதியிருப்பார்கள். முதலில் கண் போக வேண்டிய இடம் அதுதான். அந்த எண்ணுக்குக் குறைவான வித்தியாசம் கணக்கில் வராது. உதாரணத்துக்கு ஒரு சோதனைத்திடலில் அ ரகம் எக்டேருக்கு 4.62 டன், ஆ ரகம் 4.51, இ ரகம் 4.10 என்று வைத்துக்கொள்வோம். அடியில் உள்ள எண் 0.30. அப்படியென்றால் அ, ஆ இரண்டும் சமம். 0.11 டன் வித்தியாசம் மண்ணின் மேடுபள்ளத்தில் வந்ததாகக்கூட இருக்கலாம். இ மட்டும்தான் உண்மையிலேயே பின்தங்கியது.

அடுத்தது, எத்தனை இடம், எத்தனை வருடம். ஒரே இடத்தில் ஒரே வருடம் முதலிடம் வந்ததற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. அந்த வருடம் மழை அந்த ரகத்துக்குத் தோதாக விழுந்திருக்கும். இரண்டு மூன்று வருடம், நான்கைந்து இடம் என்று சேர்த்துப் பார்த்தால்தான் ரகத்தின் குணம் தெரியும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வருடம் நடந்த சோதனையைவிட, உங்களுடையது போன்ற மண்ணிலும் மழையிலும் பல இடங்களில் நடந்த சோதனைதான் அடுத்த வருடத்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

இன்னொன்று: பூஞ்சைமருந்து தெளித்த திடலா, தெளிக்காததா என்று கேளுங்கள். தெளித்த இடத்தில் முதலில் வந்த ரகம் தெளிக்காத இடத்தில் பத்தாவதாக வந்திருக்கலாம். நீங்கள் மருந்து அடிக்காதவர் என்றால் இரண்டாவது அட்டவணைதான் உங்களுக்கு.

மகசூலும் வேண்டும், புரதமும் வேண்டும். இரண்டும் உள்ள ரகம் எது?

இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

கோதுமையின் புரதத்தை 5.7ஆல் வகுத்தால் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்கும். எக்டேருக்கு 4 டன், புரதம் 13 சதவீதம் என்றால் மணியில் 520 கிலோ புரதம், அதாவது சுமார் 91 கிலோ தழைச்சத்து. இப்போது அதே நிலத்தில், அதே உரத்தில், 5 டன் கொடுக்கும் ரகத்தை விதைக்கிறீர்கள். பயிர் எடுத்தது அதே 91 கிலோ என்றால் புரதம் 10.4 சதவீதமாக இறங்கிவிடும். 13 சதவீதம் வேண்டுமென்றால் பயிர் 114 கிலோ எடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் 23 கிலோவை மண் தரவில்லை என்றால் நீங்கள்தான் தர வேண்டும். போட்ட உரம் முழுவதும் மணிக்குப் போய்ச் சேராது என்பதால், போட வேண்டியது 23ஐவிட அதிகம்.

ஆகவே கேட்க வேண்டியது "புரதம் எவ்வளவு" என்று அல்ல. "இவ்வளவு மகசூலில் புரதம் எவ்வளவு" என்று கேளுங்கள். தன் மகசூலுக்கு எதிர்பார்ப்பதைவிட அரை சதவீதம் கூடுதலாகப் புரதம் வைத்திருக்கும் ரகங்கள் சில இருக்கின்றன. அவைதான் தங்கம். வாங்குபவர் புரதத்துக்குக் கூடுதல் விலை தராதவராக இருந்தால், அல்லது கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது என்றால், இந்தத் தலைவலியே வேண்டாம். விளைச்சலைப் பார்த்து விதையுங்கள்.

துரு நோய்க்கு "எதிர்ப்புத்திறன் உள்ளது" என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

எந்தத் துரு, எந்த வருடத்துத் தகவல் என்று கேட்ட பிறகு நம்பலாம். கோதுமைக்குத் துரு மூன்று: தண்டில் வரும் கருந்துரு, இலையில் வரும் பழுப்புத் துரு, இலையில் கோடு கோடாக ஓடும் மஞ்சள் துரு. ஒன்றுக்குத் தாங்கும் ரகம் மற்றொன்றில் விழுந்துவிடும்.

எதிர்ப்பிலும் இரண்டு விதம். நாற்றுப் பருவத்திலிருந்தே நோயை அண்டவிடாத ஒற்றை மரபணு எதிர்ப்பு முதல் வகை. பார்க்க அழகாக இருக்கும், இலையில் ஒரு புள்ளி இருக்காது. ஆனால் பூஞ்சை ஒரு படி மாறினால் ஒரே பருவத்தில் மொத்தமும் போய்விடும். கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்திலிருந்து வந்த எஸ்ஆர்31 என்ற மரபணு உலகம் முழுக்கப் பல ரகங்களில் ஏறியிருந்தது. அதை உடைக்கும் தண்டுத்துரு 1998இல் உகாண்டாவில் தென்பட்டது. யூஜி99 என்று பின்னால் பெயர் வாங்கியது அதுதான். உலகக் கோதுமை ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் பதறியது இதனால்தான்.

இரண்டாவது வகை, வளர்ந்த பயிரில் மெல்ல வேலை செய்வது. நோய் வரும், ஆனால் பரவுவது தாமதமாகும். எல்ஆர்34 என்ற மரபணு இந்த வகை. பல பத்தாண்டுகளாக உடையாமல் நிற்கிறது. இது உள்ள பயிரில் இலை நுனி காய்ந்தாற்போல் பழுப்பாகும். அதை நோய் என்று நினைத்து மருந்தடிக்க ஓடுபவர்கள் உண்டு. ஒரு இலையைக் கிள்ளி நுனியை விரலால் தேய்த்துப் பாருங்கள். துரு என்றால் விரலில் பொடி ஒட்டும், இது என்றால் ஒன்றும் ஒட்டாது.

கையேட்டில் நோய் எதிர்ப்புக்குத் தரும் மதிப்பெண் எல்லா வருடமும் ஒன்றாக இருக்காது. ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய கையேட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கதிர்க் கருகலுக்குத் தாங்கும் ரகம் உண்டா?

ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் கதிர்க் கருகலுக்கு முழு எதிர்ப்பு உள்ள ரகம் எதுவும் கிடையாது. ஓரளவு தாங்குபவை உண்டு. அவற்றில் பலவற்றுக்கு சுமாய் 3 என்ற சீன ரகத்திலிருந்து வந்த எஃப்எச்பி1 மரபணு கைகொடுக்கிறது. பூக்கும் நேரத்தில் ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் இது வரும். மகசூல் போவது ஒரு பக்கம், மணியில் சேரும் நச்சு இன்னொரு பக்கம். நச்சு அளவு கூடினால் ஆலை மட்டுமல்ல, தீவனக்காரரும் வாங்க மாட்டார். மக்காச்சோளத் தட்டை கிடக்கும் வயலில் கோதுமை போடுபவர்கள் இந்த மதிப்பெண்ணை மகசூலுக்கு முன்னால் பார்க்க வேண்டும். ரகம், பயிர்ச்சுழற்சி, பூக்கும்போது மருந்து மூன்றும் சேர்ந்தால்தான் ஓரளவு பலன்.

குட்டை ரகமா, நெட்டை ரகமா?

தண்ணீரும் உரமும் தாராளமாக இருக்கும் நிலத்துக்குக் குட்டை ரகம். ஜப்பானிய நோரின் 10இலிருந்து வந்த குட்டை மரபணுக்கள்தான் பசுமைப் புரட்சிக் கோதுமைக்கு அடிப்படை. கதிர் கனத்தாலும் தாள் சாயாது.

ஆனால் அதே மரபணு முளைக்குருத்தின் உறையையும் குட்டையாக்குகிறது. மேல்மண் காய்ந்து, ஈரம் தேடி ஆழமாக விதைக்க வேண்டிய நிலமாக இருந்தால் குருத்து மேலே வராமலே மண்ணுக்குள் மடங்கிவிடும். முளைக்காத வரிசையில் மண்ணைக் கிளறிப் பாருங்கள்: வெளிறிய குருத்து சுருண்டு மடங்கிக் கிடந்தால் விதை மேல் குற்றமில்லை, ஆழம்தான் காரணம். அப்படிப்பட்ட வறண்ட நிலத்துக்கு நீண்ட குருத்துறை உள்ள ரகமா என்று விசாரியுங்கள். வைக்கோலும் தேவைப்படுபவருக்கு நடுத்தர உயரமே சரி.

பூச்சிக்கு ரகம் பார்த்து என்ன பயன்?

இரண்டு பூச்சிகளுக்கு நிறையப் பயன். தண்டு ரம்ப ஈயின் புழு தாளுக்குள்ளேயே வளர்ந்து, முற்றும் நேரத்தில் அடியில் வளையமாக அறுத்துவிடும். காற்றடித்தால் பயிர் படுத்துவிடும். உள்ளே இருக்கும் புழுவுக்கு மருந்து எட்டாது. சோறு நிறைந்த தண்டுள்ள ரகம்தான் தீர்வு. ஒரு தாளைப் பிளேடால் நீளவாட்டில் பிளந்து பாருங்கள். சாதாரண ரகம் குழல் மாதிரி வெற்றாக இருக்கும், இதில் வெண்சோறு அடைத்திருக்கும். தண்டு நீளும் நாட்களில் வானம் மூடிக்கிடந்தால் சோறு சரியாக அடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று, மணியைத் தின்னும் ஆரஞ்சு நிறக் கோதுமைக் கொசுப்புழு. எஸ்எம்1 என்ற ஒரே மரபணுதான் இதற்குக் கவசம். புழு அதை மீறப் பழகிவிடக் கூடாது என்பதற்காக, கனடாவில் இந்த விதையில் எதிர்ப்பில்லாத ரகத்தை 10 சதவீதம் கலந்தே விற்கிறார்கள். இது கலப்படம் அல்ல, வேண்டுமென்றே செய்தது.

அறுவடை நேரத்தில் மழை வரும் இடம். என்ன பார்க்க வேண்டும்?

கதிரிலேயே முளைப்பதைத் தாங்கும் திறன். பொதுவாக வெள்ளை மணி ரகங்களைவிடச் சிவப்பு மணி ரகங்களுக்கு விதை உறக்கம் அதிகம், எனவே சீக்கிரம் முளைக்காது. கண்ணுக்கு முளை தெரியாவிட்டாலும் மாவுச்சத்தை உடைக்கும் நொதி வேலையைத் தொடங்கியிருக்கும். ஆலையில் இதை விழுநேரச் சோதனையால் பிடித்துவிடுவார்கள்: மாவுக் கூழைச் சூடாக்கி, அதில் ஒரு கம்பி எத்தனை வினாடியில் கீழே இறங்குகிறது என்று பார்ப்பது. 300 வினாடிக்கு மேல் என்றால் நல்ல மணி. கூழ் நீர்த்துப்போய்க் கம்பி சட்டென்று இறங்கினால் ரொட்டி மாவுக்கு ஆகாது.

ஒரு வருடம் வெள்ளை மணி ரகம் ஒன்று அருமையாக விளைந்தது. அறுக்கும் இயந்திரம் வருவதற்கு முன் நான்கு நாள் தூறல். மணி பளபளவென்றுதான் இருந்தது. ஆலையிலிருந்து வந்த தாளில் விழுநேரத்தைப் பார்த்த பிறகு அது தீவன விலைக்குப் போனது.

டூரம் கோதுமை நல்ல விலை போகிறதாமே?

வாங்குபவர் உறுதியாக இருந்தால் யோசிக்கலாம். பாஸ்தாவுக்கும் ரவைக்கும் ஆன கண்ணாடி போன்ற மணி அது. வறண்ட அறுவடைக்காலம் உள்ள இடத்துக்கே ஏற்றது. கதிர்க் கருகலில் சாதாரணக் கோதுமையைவிட மோசமாக அடிபடும், உவர்நிலத்திலும் பொதுவாகப் பின்தங்கும். மழை பட்டு மணி வெளிறினால் கூடுதல் விலையும் போய்விடும்.

எக்டேருக்கு எவ்வளவு விதை?

கிலோவில் பேசுவதுதான் இங்கே வழக்கமான தவறு. ரகத்துக்கு ரகம் மணியின் எடை மாறும். செடி எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். சதுர மீட்டருக்கு 250 செடி நிற்க வேண்டும், ஆயிரம் மணி எடை 38 கிராம், முளைப்புத்திறன் 95 சதவீதம், முளைத்ததில் வயலில் தப்பி நிற்பது 85 சதவீதம் என்றால்:

250 × 38 ÷ (0.95 × 0.85) ÷ 100 = சுமார் 118 கிலோ.

அதே கணக்கில் ஆயிரம் மணி எடை 30 கிராம் என்றால் 93 கிலோ, 45 கிராம் என்றால் 139 கிலோ. பழைய ரகத்துக்குப் போட்ட அதே கிலோவைப் புது ரகத்துக்கும் போட்டால் பயிர் நெருக்கமாகும் அல்லது வெறிச்சோடும். ஆயிரம் மணியை நீங்களே எண்ணி எடை போடலாம், சமையலறைத் தராசு போதும். தூர் குறைவாகக் கட்டும் ரகத்துக்கும், தாமதமாக விதைப்பதற்கும் செடி எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

சொந்த விதையை எடுத்து வைக்கலாமா?

கோதுமை தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர், எனவே ரகம் சட்டென்று கெட்டுப்போகாது. கெடுவது விதைதான்: வேறு ரகம் கலப்பது, களை விதை, முளைப்புக் குறைவு, அப்புறம் மணியின் கருவுக்குள்ளேயே ஒளிந்து வரும் கரிப்பூட்டை. கரிப்பூட்டை வந்த வயலிலிருந்து விதை எடுக்கவே வேண்டாம். மேலே சொன்ன 10 சதவீதக் கலவை விதையையும் திரும்பத் திரும்ப எடுக்கக் கூடாது, விகிதம் மாறிவிடும். பதிவு பெற்ற ரகம் என்றால் உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே ரகம் போதுமா, இரண்டு மூன்று வேண்டுமா?

நிலம் கொஞ்சமாக இருந்தாலும் இரண்டு. வயது வேறாக இருந்தால் ஒரு வெயில் வாரமோ ஒரு பனி இரவோ இரண்டையும் சேர்த்து அடிக்காது, அறுவடை இயந்திரத்துக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். துரு எதிர்ப்பு இரண்டுக்கும் ஒரே மரபணுவிலிருந்து வந்திருந்தால், ரகம் இரண்டு என்றாலும் நோயைப் பொறுத்தவரை ஒன்றுதான். ஒரே வயலில் கலந்து விதைப்பவர்களும் உண்டு. அப்படியானால் வயதும் மணி வகையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

புது ரகத்தை என் வயலில் எப்படிச் சோதிப்பது?

வயலின் ஒரு பாதியில் புதியது, மறுபாதியில் பழையது என்று போட்டால் மண்ணைத்தான் சோதித்ததாகும். அறுவடை இயந்திரத்தின் அகலத்துக்குப் பட்டை பட்டையாக, பழையது புதியது என மாற்றி மாற்றி, குறைந்தது மூன்று முறை வரும்படி விதையுங்கள். பட்டைகள் மண் மாறும் திசையிலேயே நீளமாக ஓட வேண்டும், அப்போதுதான் எல்லாப் பட்டையிலும் நல்ல மண்ணும் மோசமான மண்ணும் சமமாக வரும். ஓரப் பட்டையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எடை போடும்போது ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 15 சதவீத ஈரத்தில் 1000 கிலோ என்பது 12 சதவீத ஈரத்தில் 966 கிலோதான். தாமதமாக முற்றும் ரகம் ஈரத்தோடு தராசுக்கு வந்தால் அதிகம் விளைந்ததுபோல் தோன்றும். அப்புறம் ஒவ்வொரு பட்டையிலிருந்தும் ஒரு கிலோ மணியைத் தனிப் பையில் கட்டி, பெயர் எழுதி வையுங்கள். புரதமோ விழுநேரமோ பார்க்க வேண்டும் என்று பிறகு தோன்றும்போது, எல்லாம் ஒரே குவியலாகிவிட்டிருக்கும்.